இரண்டாம் நம்பர் கோட்டு

சாலையோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்து, ஒரு வாரம் ஒரு பஸ்கூட ஓடாமல் செய்த மறியல் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வரலாறு தேவைப்பட்டது. அதுவும் இரண்டு விதமாகத் தேவைப்பட்டது. இட ஒதுக்கீடு கேட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கிற மனுவில் தாத்தன் கோவணத்துக்கு வழியில்லாதவனாக இருக்க வேண்டும். சங்க மாநாட்டு மலரின் அட்டையில் அதே தாத்தன் வாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அச்சகத்தில், ஒரே வாரத்தில் அடிக்கக் கொடுத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்சவள்ளிக்கு ஒரு பழைய போட்டோ வேண்டியிருந்தது.

அம்சவள்ளி கருணாபுரத்துப் பெண். அம்மா பெரியநாயகி, நாராயணசாமியின் ரைஸ்மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைக்கிறவள். அந்தத் தெருவில் முதல் பி.ஏ. அம்சவள்ளி, முதல் எம்.ஏ.வும் அவள்தான், இப்போது எம்.ஃபில். என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களிடம், "நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த போட்டோ ஸ்டூடியோவுங்களப் பத்தி" என்று சொல்வாள். பாதிப் பேர், "அதுக்கு போட்டோ புடிக்கவே கத்துக்கினா ஒரு கடையாவது வெக்கலாமே" என்பார்கள். மீதிப் பேர், அவள் முதுகு திரும்பியதும், "ஒதுக்கீட்டுல சீட்டு குடுத்தா இப்பிடித்தான் எதையாவது படிப்பாளுங்க" என்பார்கள். அப்படிச் சொன்ன வாய்களில் பல, போன புரட்டாசியில் ஒதுக்கீடு கேட்டுக் கோஷம் போட்டன. கேட்டதில் தப்பு இருப்பதாக அம்சவள்ளி நினைக்கவில்லை. கேட்க வேண்டியதுதான். ஆனால் மரம் வெட்டி ஜெயிலுக்குப் போனவர்கள் கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு வெட்டும் ஆட்கள்; மலர் அட்டையில் வரப்போவது மில் முதலாளியின் கொள்ளுத்தாத்தா. அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தேடிக்கொண்டிருந்ததற்குக் கேபினட் அட்டை என்று பெயர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, கெட்டியான அட்டை. முன்னால் போட்டோவை ஒட்டி, அடியில் ஸ்டூடியோவின் பெயரைத் தங்க எழுத்தில் அடித்திருப்பார்கள். பின்னால் விலாசம், வாங்கிய மெடல்கள், எடுத்த படத்தின் நம்பர் எல்லாம் இருக்கும். முன்பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் பீற்றிக்கொள்ளும். பின்பக்கம் பொய் சொல்லாது. வழிகாட்டிப் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: "தென்னாற்காடு ஜில்லாவில் எடுத்த ஒரு அசல் அட்டை, முன்னும் பின்னும் தெளிவா, என் மேசை மேல வரணும். ஏப்ரல் முப்பதுக்குள்ள. இல்லேன்னா இது ஆய்வேடு இல்லம்மா, கதை." எம்.ஃபில். முடித்தால் கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். முடிக்காவிட்டால் மில் களத்தில், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால்.

இதுவரை அவள் கையில் சிக்கியது ஒரு பதிவேடு மட்டும். கடலூரில் எப்போதோ மூடிப்போன கிளெமென்ட் ஸ்டூடியோவின் வாரிசு ஒருவர் டயர் கடை வைத்திருந்தார். மண்ணெண்ணெய் டின்னுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த நோட்டை, அதற்குப் பதில் ஒரு செங்கல் வைத்துக் கொடுத்த பிறகு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். இங்கிலீஷில் அழகான கையெழுத்து. ஒவ்வொரு படத்துக்கும் நம்பர், ஆளின் பெயர், தொழில், அவர் என்ன உடுத்தியிருந்தார் என்கிற விவரம். உடுத்தியிருந்ததை ஏன் எழுத வேண்டும் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. நாலு பக்கம் தள்ளிய பிறகுதான் விளங்கியது: உடை ஸ்டூடியோவுடையது. மூன்று கோட்டு, இரண்டு தலைப்பாகை, ஒரு வாள், ஒரு கடிகாரச் சங்கிலி, ஒரு மரத்தூண். முதல் நம்பர் கோட்டு கறுப்பு, வக்கீல்களுக்கு. மூன்றாம் நம்பர் பிள்ளைகளுக்கு. இரண்டாம் நம்பர் சரிகைக் கோட்டு. பெரிய மனிதராக ஆசைப்படுகிற எல்லோருக்கும். 1891-இல் கள்ளக்குறிச்சியில் நிலவரி முகாம் நடந்தபோது ஸ்டூடியோ மாட்டுவண்டியில் வந்து டேரா அடித்து, அங்கிருந்து கல்வராயன் மலைக்கும் ஏறியிருந்தது. அந்தப் பயணத்தில் படம் எடுத்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டாம் நம்பர் கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்.

"எங்க மொதலாளி வூட்டு நடுக்கூடத்துல ஒண்ணு மாட்டிகினு இருக்குடி" என்றாள் பெரியநாயகி. "ராஜாவாட்டம் ஒருத்தரு. நான் உள்ள போனதில்ல. அமாவாசக்கி படையல் போடும்போது ஜன்னல தொறந்து வெப்பாங்க, அப்ப பாத்தது."

மறுநாளே அம்சவள்ளி போய் நின்றாள். நாராயணசாமி வராந்தாவுக்கு வந்தார். மில்லுக்கு முதலாளி, தாலுகா சங்கத்துக்குத் தலைவர், ஐம்பத்தைந்து வயது.

"பெரியநாயகி பொண்ணா? இன்னாம்மா, இன்னமும் படிச்சிகினுதான் இருக்கியா? எப்பத்தான் முடியும்?"

"ஒங்க வூட்டு போட்டோவ காட்டனீங்கன்னா முடிஞ்சிடும் சார்."

'சார்' அவருக்குச் சரியாக உட்காரவில்லை. இவளுடைய அம்மா அவரை மொதலாளி என்பாள். செத்துப்போன அப்பன் சாமி என்பான். சார் என்பது அதிலிருந்து ஏறுகிற படியா இறங்குகிற படியா என்று பிடிபடாமல், அவர் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்தார். அவள் கையில் கொடுக்கவில்லை. தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

கண்ணாடி முழுக்கக் குங்குமமும் சந்தனமும் அப்பிக் கிடந்தன. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் முறுக்கு மீசையோடு ஒரு கிழவர். சரிகைக் கோட்டு, தலைப்பாகை, மடியில் வாள், பக்கத்தில் தூண்.

"கொளஞ்சியப்பரு. எங்க கொள்ளுப்பாட்டனாரு" என்றார் நாராயணசாமி. "இவரு சொன்னாத்தான் ஏழு ஊர்ல ஏரு பூட்டுவான். அதவுட பெரிய சங்கதி ஒண்ணு இருக்கு, கேளு. வெள்ளக்காரன் காலத்துல போட்டோக்காரன் டேரா போட்டான். ஊரே போயி நிக்குது. எங்க பாட்டனாரு மட்டும், படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு அந்தப் பக்கமே போவல. வூட்டோட ஒக்காந்துகினு இருந்தாரு. அப்பிடியும் போட்டோல வுழுந்துட்டாரு!"

"போவாமயா?"

"போவாமத்தான்! மூத்த மவன் டேராவுக்கு வேடிக்க பாக்கப் போனவன் பாக்கறான், கண்ணாடிப் பொட்டிக்குள்ள அப்பன் மொறச்சிகினு ஒக்காந்திருக்காரு. எடுத்துகினு வந்துட்டான். எப்பேர்ப்பட்ட சக்தின்னு பாத்துக்க."

அம்சவள்ளிக்கு உள்ளேயிருந்து எழும்பிய சிரிப்பை மூக்கோடு நிறுத்திவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் டேரா அடிக்கிற ஸ்டூடியோக்காரன், எங்களிடம் வந்தால் நீங்களும் இப்படி ஆகலாம் என்று காட்டுவதற்காக வாசலில் நாலைந்து படத்தை அடுக்கி வைக்கிற பெட்டி. ஆனால் பின்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"சட்டத்த கழட்டி பின்னால பாக்கலாமா சார்?"

"அது தெய்வம். பின்னால எல்லாம் பாக்கக் கூடாது." நாராயணசாமி குரலைத் தாழ்த்தினார். "மலர்ல நீ ஒரு கட்டுர எழுது. பாளையக்காரர் பரம்பரைன்னு ஆராய்ச்சி பண்ணி எழுது. பேருக்குப் பக்கத்துல எம்.ஏ., எம்.ஃபில்.னு போட்டுக்க. நம்மாளுங்க எழுதினா ஊர்ல நம்ப மாட்டானுங்க. ஒன்னாட்டம் ஆளு எழுதினாத்தான்..."

"என்னாட்டம்னா?"

"படிச்ச ஆளுன்னு சொன்னேன்" என்றார் அவசரமாக. "எழுதிக் குடுத்துட்டு, ஒரு மாசத்துக்குப் படத்த எடுத்துகினு போ."

அந்த மூடின வாய் அதற்கு மேல் தாங்கவில்லை. "கோட்டு அவுருது இல்ல சார். ஸ்டூடியோவுது. கையப் பாருங்க, வெரல் வரைக்கும் தொங்குது. ஏழு ஊரு ராஜாவுக்கு அளவெடுத்து தைக்க ஒரு டெய்லரு கெடைக்கலையா? வாள புடிச்சிருக்கறதப் பாருங்க, மாடு முடுக்கற கோலு புடிச்சாப்புல. கால்ல செருப்பும் இல்ல."

"அந்தக் காலத்து ராஜாங்க எளிமையானவங்க."

"எளிமையானவரு சரிகக் கோட்டு எதுக்குப் போட்டாரு?"

நாராயணசாமி படத்தை இறக்கித் தோளோடு அணைத்துக்கொண்டார். "ஒங்கம்மா நம்ம களத்துல எத்தினி வருஷமா இருக்கா?"

"இருவத்தாறு."

"அத நெனச்சிகினு யோசன பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யோசனை பண்ண அவள் மலைக்குப் போனாள். பதிவேட்டில் கல்வராயன் மலை ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் இருந்தது. அந்த வம்சத்தில் யாரிடமாவது அட்டை இருந்தால் நாராயணசாமியின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ஏறுகிற பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தாள். சாமைக்கொல்லையில் நின்றிருந்த, அந்த வம்சத்துப் பொன்னுரங்கம் என்கிற நடுவயதுக்காரர், விஷயத்தைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து ஒரு பலகையை எடுத்துவந்தார். பலகையில் அட்டையைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அதே தூண். அதே வாள். அதே கோட்டு, மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லாமல் நூல் தொங்கியது. நாராயணசாமி வீட்டுப் படத்திலும் அதே மூன்றாவது பொத்தான் இல்லை.

"கோட்டு யாருதுண்ணா?"

"யாரு கண்டா. நம்முளுது இல்ல. மழைக்குக் கம்பளி போத்துவோம், மத்த நாளைக்கு அதுவும் கெடையாது. போட்டோக்காரன் மாட்டி வுட்டானாம். ஒரே வேர்வ நாத்தமாம், எவனெவன் போட்டு அவுத்ததோன்னு எங்க பெரியவரு நேராப் போயி ஓடையில முழுவினாராம். அந்தக் கதயத்தான் எங்க வூட்ல சொல்லுவாங்க."

"ராஜா பரம்பரைன்னு நீங்க யாரும் சொல்லிக்கறது இல்லியா?"

"சொன்னா? பாரஸ்ட்டுக்காரன் வெறவு எடுக்க வுட்டுடுவானா?"

அம்சவள்ளி மனம்விட்டுச் சிரித்தாள். பிறகு பலகையைத் திருப்பிப் பார்த்தாள். கறையான் தின்ற வரிகளைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. பெயர்த்தால் அட்டை தூளாகிவிடும். பேராசிரியர் கேட்டது முன்னும் பின்னும். கோட்டுக்குச் சாட்சி கிடைத்தது, அட்டை கிடைக்கவில்லை. கீழே இறங்குகிற பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு ராஜ்தூத் வண்டி கருணாபுரத்துச் சந்துக்குள் தடதடவென்று வந்து அவள் வீட்டு முன்னால் நின்றது. சங்கத்தின் வக்கீல் தமிழழகன். கையில் மலர் அட்டையின் அச்சுப் படி. பெண்களிடம் பேசும்போது சிஸ்டர் போடாமல் அவருக்கு வாக்கியம் முடியாது.

"பெரிய சிக்கலு சிஸ்டர். பதினெட்டாம் தேதி மெட்ராஸ்லருந்து குழு வருது, மனு வாங்க. மனுவுல நான் இன்னா எழுதியிருக்கேன்? எங்கள் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுக் கஞ்சிக்கே அல்லாடியவர்கள். முப்பது பக்கம் சிஸ்டர், எழுதும்போது எனக்கே அழுவ வந்துடுச்சி. மில்காரரு இன்னான்னா, இந்த அட்டையப் போட்ட மலர, மொதோ காப்பி குழுத் தலைவர் கையில குடுக்கறேன்னு நிக்கறாரு."

"குடுக்கட்டுமே. படம் நல்லாத்தான கீது."

"வெளையாடாதீங்க. சரிகக் கோட்டும் வாளுமா இருந்தவன் பேரனுக்கு எதுக்குடா ஒதுக்கீடுன்னு கேட்டான்னா நான் எங்க போயி முட்டிக்கறது? ஐயாயிரம் அட்ட அடிச்சாச்சி. இப்ப அது வெளிய போவறதத் தடுக்க முடியாது. அதனால கோட்டு வாடகக் கோட்டு, ஆளு பரம ஏழன்னு நீங்க ஒரு அத்தாட்சி எழுதிக் குடுத்தீங்கன்னா, மனுவோட இணைச்சிடுவேன்."

போன மாதம் ராஜா என்று எழுதச் சொன்னார்கள். இந்த மாதம் ஏழை என்று எழுதச் சொல்கிறார்கள். ஒரே ஆள், ஒரே படம். ஆனால் கோட்டு ஸ்டூடியோவுடையது என்பது உண்மை. உண்மையை எழுதச் சொல்கிறவர்கள் அடிக்கடி வருவதில்லை.

"எழுதறேன் வக்கீல் சார். ஆனா சட்டத்த கழட்டி பின்பக்கம் பாக்காம ஒரு எழுத்து எழுத மாட்டேன். எழுதினா, முப்பதாந்தேதி வரைக்கும் அட்ட எங்கிட்ட இருக்கணும்."

நாராயணசாமி வீட்டு வராந்தாவில் மறுநாள் காலை சட்டம் கழன்றது. தெய்வத்தின் பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்ற விதி, குழு வருகிறது என்றதும் தளர்ந்துவிட்டது. நாராயணசாமியின் மனைவி ரங்கம்மாள் முதலில் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாக நின்றாள். தமிழழகன் ஸ்குரூ டிரைவரால் ஆணியை நெம்பினார். அட்டை வெளியே வந்தது.

பின்பக்கம் புதுசுபோல இருந்தது. கிளெமென்ட் ஸ்டூடியோ, கடலூர் என்று தங்க எழுத்து. அதன் கீழே மையில், 'எண் 41. காட்சிப் பெட்டிக்கு' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

அம்சவள்ளி பதிவேட்டைப் பிரித்து நாற்பத்தொன்றாம் நம்பரைத் தேடினாள். விரலை வைத்துக்கொண்டு, தமிழில் சொன்னாள்: "நாப்பத்தொண்ணு. காட்சிப் பெட்டிக்கு எடுத்த படம். பச்சமுத்து. ஸ்டூடியோவில் தண்ணீர் சுமப்பவர். இரண்டாம் நம்பர் கோட்டு, வாள், தலைப்பாகை."

"யாரு பச்சமுத்து?" என்றார் நாராயணசாமி.

"ஒங்க வூட்டு நடுக்கூடத்துல இருக்கறவரு. அந்தக் காலத்துல படத்தக் கழுவ கொடம் கொடமா தண்ணி வேணும் சார். அத சொமந்தவரு. மீச நல்லா இருந்திருக்கு, கோட்ட மாட்டி ஒக்கார வெச்சிட்டாங்க. ஒங்க பாட்டனாரு போவாமலே போட்டோல வுழல. அவரு போவல, அவ்ளோதான். மவன் வேற யாரையோ தூக்கிகினு வந்துட்டாரு."

முதலில் வாய் திறந்தவள் ரங்கம்மாள்தான்.

"முப்பத்தஞ்சு வருஷமா அமாவாச தவறாம வட சுட்டு, பாயசம் வெச்சி, நான் பச்சத் தண்ணி குடிக்காம கெடந்து போட்டனே. எல்லாம் தண்ணி தூக்கறவனுக்கா?"

"கொடம் கொடமா தண்ணி சொமந்தவருக்குப் பசிக்காதாம்மா, வட சாப்ட்டா இன்னா" என்றாள் அம்சவள்ளி. அவளுக்கு நாக்கைக் கட்ட முடியவில்லை.

தமிழழகன் மட்டும் தொடையில் தட்டினார். "அண்ணே, இதுல வருத்தப்பட இன்னா இருக்கு? ஜாக்பாட்டுண்ணே! தண்ணி சொமந்த பாட்டன், அதும் வெள்ளக்காரன் கையெழுத்தோட! என் முப்பது பக்கமும் இந்த ஒரு வரிக்கு ஈடாவாது. இவரையே பாட்டனா வெச்சிக்குவோம்."

நாராயணசாமி அதை மென்று பார்த்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. ஏழைப் பாட்டன், மனுவுக்கு ஆகிற பாட்டன், பரவாயில்லை. அப்புறம் அந்த வெளிச்சம் சட்டென்று அணைந்தது.

"அவன் எந்த ஆளுங்க?"

அம்சவள்ளி அந்த வரியை மறுபடி பார்த்தாள். பெயர் இருந்தது. வேலை இருந்தது. கோட்டின் நம்பர் இருந்தது. "எழுதல."

"எப்பிடி எழுதாம இருப்பான்? நல்லாப் பாரு. சாதிய எழுதாமலா வேலைக்கு வெச்சான்?"

"மறந்துட்டாங்க சார். நூறு வருஷத்துக்கு முந்தி ஒருத்தன் மறதியில ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான்."

நாராயணசாமி எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். ராஜா இல்லை என்றதைத் தாங்கியிருந்தார், தாத்தா இல்லை என்றதையும் எப்படியோ விழுங்கிவிட்டார். நடுக்கூடத்தில் தொண்ணூற்றேழு வருஷம் படையல் வாங்கினவன் எந்தத் தெருக்காரன் என்று தெரியாததுதான் தொண்டையில் நின்றது. கடைசியில் அவர் அம்சவள்ளிக்கு நேர் எதிரே, இதுவரை செய்யாதபடி, பெஞ்சில் அவளுக்குச் சமமாக வந்து உட்கார்ந்தார்.

"தோ பாரும்மா. ஒரே ஒரு வார்த்த. தண்ணி சொமந்தாரு, ஏழ, வாடகக் கோட்டு, எல்லாம் எழுது. பேருக்குப் பக்கத்துல நம்ம சாதின்னு ஒரு வார்த்த சேத்துடு. எவன் வந்து நோட்டப் பாக்கப்போறான்? அந்த அட்டய நீ திருப்பிக்கூட தர வாணாம். ஒனக்கே வெச்சிக்க."

"கையெழுத்துப் போட்டுடுங்க சிஸ்டர்" என்று தமிழழகன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "யாருக்கு நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வார்த்தை எழுதினால் அட்டை இப்போதே பைக்குள் போகும். நாளைக்கே பேராசிரியரின் மேசை. செத்துப்போன பச்சமுத்து எழுந்து வந்து ஆட்சேபிக்கப்போவதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஆரம்பித்து அவள் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டம் இல்லாமல் இருந்ததில்லை. எழுதினாள், எழுதினால்தான் ஸ்காலர்ஷிப், எழுதினால்தான் ஹாஸ்டல், அதை எழுதுவதற்கு அவள் வெட்கப்பட்டதும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருந்தவர்களிடம் கேட்டு வாங்க அந்தக் கட்டம் வேண்டும். இது அதுவா? ஒருத்தன் குடம் சுமந்து, ஒருநாள் ஓசிக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து, எப்படியோ அந்தக் கட்டம் இல்லாமல் இவ்வளவு தூரம் தப்பி வந்திருக்கிறான். ஒரு மில்காரருக்கு ராத்திரி தூக்கம் வருவதற்காக அவனைப் பிடித்து அதற்குள் தள்ள வேண்டுமா?

பேனாவை வாங்கினாள். வேகமாக எழுதினாள். பெயர் பச்சமுத்து, வேலை தண்ணீர் சுமப்பது, கோட்டு ஸ்டூடியோவுடையது, இந்தக் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவு இருப்பதாக ஆதாரம் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

நாராயணசாமி படித்தார். நாலாகக் கிழித்தார்.

"அட்டய கீழ வெச்சிட்டுப் போ."

அவள் வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் களத்திலிருந்து வந்த பெரியநாயகிக்குச் செய்தி முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஒரு வார்த்ததானடி. எழுதித் தொலச்சா இன்னா? படிப்பு முடிஞ்சிருக்கும்ல?"

"பொய்ய எழுதி முடிக்கறதுக்கு எதுக்கும்மா படிக்கறது?"

"ஆமா, நெசத்த எழுதினியே, கிழிச்சிட்டாருல்ல?" என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி காலில் ஒட்டியிருந்த உமியைக் கழுவப் போனாள். களத்தைவிட்டுத் துரத்துவார்களோ என்று இரண்டு பேரும் ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தார்கள். துரத்தவில்லை. அவித்த நெல்லின் சூட்டில் நிற்க வேறு கால் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

குழு வந்தது, மனுவை வாங்கிக்கொண்டது, போனது. மலரின் பழைய அட்டைகளையெல்லாம் கிழித்துப்போட்டு, சினிமா பேனர் எழுதுகிற ஓவியரை வைத்துப் புது ராஜா ஒருவரை வரைந்துவிட்டார்கள். அவர் குதிரைமேல் இருந்தார். முகம் நாராயணசாமியின் முகம். அதை யாரும் குழுவிடம் காட்டவில்லை.

ஆனால் நாராயணசாமி வீட்டில் அசல் அட்டை ஒரு பெரிய பிரச்சினையாகிவிட்டது. உள்ளே வைத்துக்கொள்ள முடியாது, யாரென்றே தெரியாதவன். குப்பையில் போட முடியாது. இத்தனை வருஷம் படையல் சாப்பிட்டுப் பழகியவன், கோபித்துக்கொண்டால் என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. எரிக்கலாம் என்றால், பிணத்தைத்தான் எரிப்பார்கள், அப்புறம் பத்து நாள் தீட்டுக் காக்க வேண்டுமா வேண்டாமா என்று ரங்கம்மாள் ஒரு கேள்வி போட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. உடைந்த சாமி படங்களைத் தண்ணீரில் விடுவதுபோல விட்டுவிடலாம் என்று பூசாரி சொன்னார். சித்திரை மாதத்துக் கோமுகி ஆற்றில் விடுவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? மணல்தான் இருந்தது. அப்படியென்றால் கச்சிராயபாளையத்துக்குப் போய் அணையில் விட வேண்டும். யார் எடுத்துக்கொண்டு போவது? நாராயணசாமிக்கு மில்லில் வேலை இருந்தது. அவருடைய தம்பிக்கு முதுகுவலி வந்தது. நேற்றுவரை அந்தப் படத்தின் கண்ணாடியில் சந்தனம் வைத்த விரல்கள் எல்லாம் இப்போது முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி உச்சி வெயிலில் பெரியநாயகி வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் அவள் வருவதில்லை. இடுப்பில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று.

"இன்னாம்மா, வேலய வுட்டு நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தல. அர நாள் லீவு குடுத்தாங்க." பெரியநாயகி பொட்டலத்தைப் பாயில் வைத்தாள். "மொதலாளியம்மா களத்துக்கே வந்து கூப்ட்டாங்க. வாசல்ல இத கெடத்தி வெச்சிருந்தாங்க. தொடப்பக் கட்டயால எங்கிட்ட தள்ளி வுட்டாங்க. அவங்க கையில படக் கூடாதாம்."

"ஒன் கையில படலாமா?"

"என் கையில படலாமாம்." பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அணையில வுட்டுட்டு தல முழுவிட்டு வரணுமாம். நான் எதுக்கு முழுவணும்னு கேக்கல. கேட்டா திருப்பி வாங்கிக்குவாங்களோன்னு தூக்கிகினு வந்துட்டேன்."

அம்சவள்ளி செய்தித்தாளைப் பிரித்தாள். அட்டை. முன்னும் பின்னும். ஓரத்தில் மட்டும் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிய குங்குமக் கறை. மற்றபடி ஒரு கீறல் இல்லை. அவளுக்கு முதலில் வந்தது கோபம். நாலு பேர் எதிரில் நேராக நின்று கேட்டபோது கிடைக்காதது, அம்மாவின் பக்கம் துடைப்பத்தால் தள்ளப்பட்டு வந்திருக்கிறது. அவள் உண்மையைச் சொன்னாள் என்பதற்காக இதைக் கொடுத்துவிடவில்லை. அசிங்கம் என்று நினைத்ததைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் யார் என்று அவர்களுக்கு யோசிக்காமலே தெரிந்திருக்கிறது. கொண்டுபோய் அவர்கள் வராந்தாவிலேயே எறிந்துவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பெரியநாயகி அட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை.

"இருவத்தாறு வருஷமா நான் அந்த வூட்டு ஜன்னலுக்கு வெளியவே நிக்கறேன். இந்த ஆளு பாரு, உள்ள ஒக்காந்துகினு வட தின்னுகினு இருந்திருக்கான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, பாயில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அம்சவள்ளிக்கும் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, எம்.ஃபில். முடிந்துவிட்டது போல என்று போய்விட்டாள்.

"நாளைக்கு கேப்பாங்க, அணையில வுட்டியான்னு. இன்னா சொல்லட்டும்?"

"வுட்டேன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா? நீ ஒரு வார்த்த எழுத மாட்டேன்னு வந்தவளாச்சே."

அம்சவள்ளி அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பெரியநாயகியே யோசித்துச் சொன்னாள்: "பஸ்ல போவுதுன்னு சொல்லிடறேன். எந்தப் பஸ்ஸுன்னு அவங்களா கேக்கப்போறாங்க?"

இருபத்தொன்பதாம் தேதி காலையில் அட்டை பேராசிரியரின் மேசைமேல் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஓரத்தைத் தடவினார், பின்பக்கத்தைத் திருப்பித் தங்க எழுத்தை ரசித்தார், மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்து மீசையையும் சரிகையையும் வாளையும் வெகுநேரம் பார்த்தார்.

"பிரமாதம்மா" என்றார். "இவர் எந்த ஊர் ஜமீன்தார்?"

அம்சவள்ளி நின்ற வாக்கிலேயே ஆய்வேட்டில் பச்சமுத்துவைப் பற்றி எழுதியிருந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்து, அவர் மூக்குக்கு நேராக வைத்தாள்.

"படிங்க சார்."